விதையிலிருந்து மிளகாய்: கொழும்பு மாடியில் எந்த இனம், எப்போது, எப்படி

மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு யோகட் கப்பில் எட்டு நைமிரிஸ் மிளகாய் விதை போட்டேன். பதினெட்டு நாள் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. செத்த விதையை விற்றுவிட்டான் என்று கடைக்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டு, கப்பில் இருந்த மண்ணைப் பக்கத்தில் நின்ற குரோட்டன் சாடிக்குள் கொட்டிவிட்டேன். அடுத்த இரண்டு கிழமைக்குள் குரோட்டனின் காலடியில் ஐந்து முளை. அதே நாளில் போட்ட பச்சை மிளகாய் அதற்குள் நான்கு இலையோடு நின்றது. இரண்டையும் ஒரே கணக்கில் பார்த்ததுதான் என் பிழை. மிளகாய் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் முளைப்பது, காய்ப்பது, வெக்கை தாங்குவது எல்லாம் இனத்துக்கு இனம் வேறு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிளகாய் வளர்ப்புப் பற்றி வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர் எழுதியது. விதைத் தட்டுக்குக் கீழே சூடேற்றும் பாய் விரி, செயற்கை வெளிச்சம் போடு, பனி முடியும்வரை வெளியே வைக்காதே என்று இருக்கும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிற எனக்குச் சூடு இலவசமாகக் கிடைக்கிறது. என்னுடைய தொல்லை ஈரம், மழை, போதாத வெளிச்சம், ஆறாத இரவு. ஆகவே இது கொழும்புக்கான கணக்கு.

எந்த இனம் என்று முதலில் தெரியட்டும்

நம்மூரில் பெயர்க் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நம்மில் பலருக்குக் கொச்சிக்காய் என்றால் எல்லா மிளகாயும்தான், ஆனால் சிங்களத்தில் கொச்சி என்று கேட்டால் வானத்தைப் பார்த்து நிற்கிற அந்தச் சின்ன உறைப்புக் காயைத்தான் தருவார்கள். பயிராகும் மிளகாயில் ஐந்து தாவர இனங்கள் இருக்கின்றன, அதில் மூன்றைத் தெரிந்திருந்தால் கொழும்பில் போதும்.

முதலாவது அன்னூம். பச்சை மிளகாய், செத்தல் மிளகாய்க்கான நீளக் காய், கறி மிளகாய், குடை மிளகாய், ஹலபீனோ எல்லாம் இந்த ஒரே இனம். விதைக் கடையில் கிடைக்கிற எம்ஐ 2, எம்ஐ கிரீன், கேஏ 2 போன்றவையும் இதில்தான் வரும். எம்ஐ என்ற எழுத்துகள் மஹா இலுப்பள்ளமையைக் குறிக்கும், அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வகைகள் அவை. 7 முதல் 14 நாளுக்குள் முளைத்துவிடும், புதிதாகத் தொடங்குகிறவர் இதில்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது புருட்டெசென்ஸ், நம் கொச்சி இதில் சேரும். முளைக்க இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கலாம், ஆனால் ஒருமுறை வேர் பிடித்தால் இரண்டு மூன்று வருடம் நின்று காய்க்கும்.

மூன்றாவது சினென்ஸ். நைமிரிஸ், ஹபனேரோ, பூத் ஜோலோக்கியா, இளைஞர்கள் பந்தயம் கட்டித் தின்னும் கரோலினா ரீப்பர் எல்லாம் இதில் அடக்கம். பெயரைப் பார்த்துச் சீனாவிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். 1776இல் பெயர் வைத்த ஜாக்கின் என்ற தாவரவியலாளர் அப்படித் தவறாக நினைத்திருக்கிறார், அந்தத் தவறு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இதன் ஊர் அமேசன் பக்கம், அதனால் கொழும்பின் புழுக்கம் இதற்குப் பிரச்சினையே இல்லை. முளைக்கத்தான் நாளெடுக்கும். மூன்று கிழமை சாதாரணம், ஐந்து கிழமையும் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இரண்டில் பக்காட்டம் வகை இங்கே வளரும், விதை கிடைப்பதுதான் பாடு. பூபெசென்ஸ் என்கிற ரொகோட்டோ அண்டீஸ் மலைக் குளிரில் பிறந்தது. கறுப்பு விதை, மயிர் இலை, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் இந்த வெக்கையில் பூவெல்லாம் கொட்டிவிடும். நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். குடை மிளகாயும் கிட்டத்தட்ட அதே கதைதான், இரவுச் சூடு 21, 22 பாகைக்கு மேல் போனால் காய் பிடிப்பது குறைந்துகொண்டே போகும். நான் இரண்டு தடவை முயன்று, எலுமிச்சை அளவில் ஒரே ஒரு காய் பார்த்தேன். அதன் நிழற்படம் இன்னும் போனில் இருக்கிறது.

விதை

சமையலறையில் பச்சை மிளகாய் வெட்டும்போது உதிர்கிற விதையை எடுத்துப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது. காய் செடியிலேயே நன்றாகப் பழுத்து, சிவப்போ மஞ்சளோ அதன் கடைசி நிறத்துக்கு வந்த பிறகுதான் விதையை எடுக்க வேண்டும். செத்தல் மிளகாய் விதை ஒரு சூதாட்டம். சில பையில் பாதிக்குப் பாதி முளைக்கும், சிலதில் ஒன்றும் வராது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது, எந்தச் சூட்டில் உலர்த்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? முளைத்தாலும் அது கலப்பின மிளகாயின் பிள்ளையாக இருந்தால் தாயைப் போல வராது.

விதைப் பக்கெட்டை வாங்கும்போது பின்பக்கம் திகதியைப் பாருங்கள். குளிராகவும் உலர்ந்தும் இருந்தால் மிளகாய் விதை இரண்டு மூன்று வருடம் தாங்கும், இங்கே வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் தொங்குகிற விதைக்கு அந்த ஆயுள் கிடையாது. விதை இளஞ்சிவப்பாகவோ வேறு பளிச்சென்ற நிறத்திலோ இருந்தால் பங்கசு மருந்து பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை ஊறவைத்துக் கழுவிவிடாமல் அப்படியே போடுங்கள், போட்டபின் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கிற உறவுகள் கடித உறைக்குள் விதை வைத்து அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. விதையோடு வைரஸும் சேர்ந்து பயணம் போகும் என்பதால் அது வெறும் காகிதச் சட்டம் அல்ல. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

எப்போது போடுவது

கொழும்பில் எந்த நாளும் விதை முளைக்கும், அதனால்தான் எல்லோரும் நினைத்த நேரத்தில் போட்டுவிட்டுப் பிறகு முழிக்கிறோம். கணக்கைப் பூக்கும் காலத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இரவில் 22, 23 பாகைக்கு இறங்கும். ஏப்ரல், மே வந்தால் 24, 25இலேயே நிற்கும், பகல் 31ஐத் தாண்டும், அன்னூம் வகைகள் பூவை உதிர்க்கத் தொடங்கும், அதற்குள் தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். மழையைப் பார்த்தால் ஒக்டோபர், நவம்பரில் மாதத்துக்கு 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, ஜனவரி, பெப்ரவரியில் 100க்கும் குறைவு.

ஆக, தீபாவளி மழைக்குள் கூரைக்குக் கீழே முளைக்க வைத்து, பொங்கலுக்கு முன் பெரிய சாடிக்கு மாற்றிவிட வேண்டும். நைமிரிஸும் கொச்சியும் செப்டம்பர் நடுவில், பச்சை மிளகாயும் கறி மிளகாயும் ஒக்டோபர் கடைசியில். ஆறு கிழமை இடைவெளியில் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் சாடிக்குத் தயாராகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டால் என் குரோட்டன் கதைதான்.

முளைக்க வைப்பது

விதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். விரலை விட்டால் சுடாத சூடு போதும். மிதக்கிற விதையைத் தூக்கி எறியச் சொல்வார்கள், நான் எறிவதில்லை. மிளகாய் விதை தட்டையானது, லேசானது, காய்ந்த நல்ல விதையும் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். தேத்தண்ணியில் ஊறவைக்கலாம், மோரில் ஊறவைக்கலாம் என்றும் வைத்தியங்கள் உண்டு. எனக்கு அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பிறகு யோகட் கப். அடியில் ஆணியைச் சூடாக்கி நான்கு ஓட்டை போடுங்கள். தயிர்ச்சட்டியும் நல்லதுதான், ஆனால் மண் சட்டி சீக்கிரம் காயும், ஒரு நாள் மறந்தாலும் போச்சு. உள்ளே தும்புத்தூளும் சலித்த கூட்டெருவும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில். தோட்டத்து மண் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். தும்புத்தூளை இரண்டு தடவை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், சிலதில் உப்பு இருக்கும். அப்புறம் கொதி தண்ணீரை ஊற்றி ஆறவிட்டால் பங்கசு கொஞ்சம் அடங்கும்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள், மேலே மெல்லியதாக மூடி விரலால் லேசாக அமத்துங்கள். ஆழம் கூடினால் மேலே வர முன்னமே களைத்துவிடும், மேலாப்பில் கிடந்தால் விதைக்கோது கழறாமல் இலையோடு வந்துவிடும். தொப்பி போட்ட முளை என்று என் மகள் சொல்வாள். அப்படி வந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள். ஒரு துளி தண்ணீரை அந்தக் கோதின் மேல் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கோது ஊறி மங்கலாகும், அப்போது இரண்டு நகத்துக்கு நடுவே மெதுவாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும். அவசரப்பட்டால் கோதோடு வித்திலை இரண்டும் கையில் வந்துவிடும், வெறும் தண்டு மட்டும் பச்சைக் குச்சியாக நிற்கும், அது மீளாது.

சூடு 25 முதல் 30 பாகை வரை இருக்க வேண்டும். நம் வீட்டில் அது சும்மாவே இருக்கும், ஏசி அறையைத் தவிர. அறைக்குள் வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஒருமுறை ஏசி ஓடும் அறையில் வைத்தேன், பச்சை மிளகாயே 20 நாள் எடுத்தது. சமையலறை அலுமாரியின் மேல் தட்டு நல்ல இடம். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் இருட்டில் விட்டால் கழுத்து நீண்டு வெள்ளையாகச் சாய்ந்துவிடும்.

டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டு முளைக்க வைப்பதும் நல்ல முறைதான், குறிப்பாக நாளெடுக்கும் நைமிரிஸுக்கு, ஏனென்றால் உயிர் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். வேர் அரை சென்டிமீட்டரைத் தாண்ட முன் கப்புக்கு மாற்றிவிடுங்கள். தாண்டினால் வேர்மயிர் டிஷ்யூவுக்குள் பின்னிக்கொள்ளும், பிரிக்க முயலாமல் அந்தத் துண்டோடு வெட்டி நடுங்கள்.

பெயர் எழுதுவதில் ஒரு விஷயம். மார்க்கர் பேனாவால் கப்பில் எழுதினேன். ஒரு மாத வெயிலும் சாரலும் பட்டு எல்லாம் அழிந்து, ஆறு கப்பில் எது எது என்று காய்க்கும்வரை தெரியவில்லை. யோகட் கப்பையே நீளத் துண்டாக வெட்டி, அதில் பென்சிலால் எழுதிக் குத்துங்கள். பென்சில் அழியாது.

நாற்று சாகும் கிழமை

கொழும்பில் முளைக்காத விதையை விட முளைத்துச் செத்த நாற்றுத்தான் அதிகம். இரவு நிமிர்ந்து நின்றது காலையில் படுத்திருக்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும், மண்ணோடு ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு நூல் போல மெலிந்து பழுப்பாக இருக்கும். இதுதான் நாற்றழுகல், பித்தியம், ரைசொக்டோனியா போன்றவற்றின் வேலை. படுத்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்து நாற்றுகளைக் காப்பாற்றலாம். அந்தக் கப்பை உடனே அகற்றுங்கள். மிச்சத்துக்கு மேலே தெளிப்பதை நிறுத்தி, கப்பை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துக் கீழிருந்து குடிக்க விடுங்கள். மேல்மண் நிறம் வெளிறிக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். ஒரு சின்ன மின்விசிறியைத் தூரத்தில் மெல்லமாக ஓடவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், தண்டும் தடிக்கும். நவம்பரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல மூடாப்பாக இருக்கும்போது நான் தண்ணீரே ஊற்றுவதில்லை.

பக்கத்தில் இருந்த பெரியம்மா, யாழ்ப்பாணத்தில் வீட்டார் தோட்டம் செய்தவர், என் கப்புகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது மிளகாய்க் கண்டு, நெல்லில்லை, ஏன் இப்பிடித் தண்ணிக்குள்ள நிக்க விடுறாய்?" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கப் பழகினேன்.

வித்திலைக்குப் பிறகு உண்மையான இலை நான்கு வந்ததும் ஒரு கப்புக்கு ஒரு நாற்று என்று பிரியுங்கள். பிடிக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டை வேண்டாம். இலை போனால் இன்னொன்று வரும். இந்த நேரத்தில் காலை வெயில் இரண்டு மணித்தியாலம், ஒரு கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நேரே மொட்டைமாடி மதிய வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும். பசளை என்றால் அல்பேர்ட் கலவையைச் சொன்ன அளவில் கால்வாசிக்குக் கரைத்து, கிழமைக்கு ஒருமுறை போதும்.

சாடிக்கு மாற்றுதல்

அன்னூம் நாற்று முளைத்து 30, 35 நாளில் தயார், நைமிரிஸ் ஆறு ஏழு கிழமை எடுக்கும். பச்சை மிளகாய்க்குப் பத்து அங்குலச் சாடி, நைமிரிஸுக்கும் கொச்சிக்கும் 20 லீட்டர் பெயின்ட் வாளி. மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம அளவு. தக்காளியோ கத்தரியோ வாடிச் செத்த சாடி மண்ணை மறுபடி பாவிக்க வேண்டாம், அவையும் மிளகாயும் ஒரே குடும்பம், வாட்டல் நோய் பற்றீரியா மண்ணில் காத்திருக்கும். செடி பச்சையாக இருக்கும்போதே மதியத்தில் வாடி அடுத்த நாளும் எழும்பவில்லையா, தண்டின் அடியை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். வெட்டிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். செடியோடு மண்ணையும் அகற்றிவிடுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகுவது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு முட்டை போடுவது மறுபக்கம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் மிளகாய் வளர்க்கிறேன் என்ற நியாயம் எடுபடாது. கடலைப் பார்த்த பல்கனி என்றால் உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும், ஒரு நிழல்வலை கட்டி, காற்று பலமாக வீசிய நாளில் காலையில் இலையைக் கழுவிவிடுங்கள்.

பூ, சுருட்டை, அப்புறம் குருவி

மிளகாய்ப் பூ தன்னையே சூல் கொள்ளும், தேனீ கட்டாயம் இல்லை. ஆனால் காற்றே புகாத பல்கனியில் காலை ஒன்பது பத்து மணிக்குக் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், அவ்வளவுதான். பூ உதிர்ந்தால் உடனே பசளை போடாதீர்கள். யூரியா கூடினாலும் பூ உதிரும், செடி மட்டும் கறிவேப்பிலைக் கன்று போலப் பச்சைப் பசேலென்று கொழுக்கும்.

இலைச் சுருட்டைதான் எல்லோரையும் அழ வைப்பது. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல வளைந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி, அதாவது திரிப்ஸ். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. மஞ்சள் திட்டோடு செடியே குட்டையாகிச் சுருண்டால் வெள்ளை ஈயோ அசுகுணியோ கொண்டுவந்த வைரஸ், அதற்கு மருந்து இல்லை, பிடுங்கிவிடுங்கள், ஒரு செடிமேல் இரக்கப்பட்டு பத்தை இழந்திருக்கிறேன். முதல் இரண்டுக்கும் ஒரு லீட்டர் தண்ணீரில் ஐந்து மில்லிலீட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும், மாலை வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய. ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. மேற்பக்கம் மட்டும் தெளிப்பது வீண் வேலை. இதற்கும் அடங்காவிட்டால் 1920க்கு அழைத்து விவசாயத் திணைக்களத்தில் கேளுங்கள், கடைக்காரர் நீட்டுகிற பீடைநாசினியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள், நாளைக்கு அதைச் சம்பலில் இடிப்பது நீங்கள்தான்.

கொச்சி பழுத்தால் கொண்டைக்குருவி வரும். பறவைகளுக்கு அந்த உறைப்பு உறைப்பதில்லை, விதையைக் கடிக்காமல் விழுங்கி வேறு இடத்தில் போட்டுவிடும். என் மாடியின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்து வெடிப்பில் நிற்கிற கொச்சி, நான் நட்டதல்ல. இத்தனை பாடுபட்டு நான் வளர்த்த எல்லாவற்றையும் விட நன்றாகக் காய்ப்பதும் அதுதான்.

அடுத்த வருடத்துக்கு

பல வகையைப் பக்கம் பக்கமாக வளர்த்தால் மகரந்தம் கலக்கும். இந்த வருடக் காய் மாறாது, அதன் விதையிலிருந்து வருகிற செடிதான் வேறாக இருக்கும். கறி மிளகாய் விதை என்று எடுத்து வைத்ததில் வந்த காயை அம்மா பால்கறி வைத்து, உறைப்புத் தாங்காமல் வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விதைக்கென்று ஒரு கிளையைத் தெரிந்து, பூ விரிய முன்னமே கல்யாண வீட்டில் இனிப்புப் போட்டுத் தருகிற வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டுங்கள்.

பழுத்த காயிலிருந்து விதை எடுக்கும்போது, நைமிரிஸ் என்றால் கையுறை கட்டாயம். உறைப்பு முக்கியமாக விதையைப் பிடித்திருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது, விரலில் பட்டால் தண்ணீருக்குப் போகாது, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துப் பிறகு சவர்க்காரம் போடுங்கள். விதையை நிழலில் ஒரு காகிதத்தில் ஒரு கிழமை உலர்த்துங்கள். மடித்தால் வளையாமல் முறிய வேண்டும், அதுதான் பதம். பிறகு சின்னக் காகித உறையில் பெயரும் திகதியும் எழுதி, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான போத்தலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். எனது போத்தலில் முன்வரிசையில் நிற்பது நைமிரிஸ் உறை, அதில் பென்சிலால் "35 நாள் பார்" என்று எழுதியிருக்கிறது.